பி.வி.யா, கிரிராஜாவா, நாட்டுக்கோழியா: பெங்களூர் வீட்டுக்கு எது சரிப்படும்?

வீட்டில் நாலு கோழி வளர்க்கலாம் என்று முடிவு பண்ணியவர்கள் அடுத்து வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். முட்டைக்கென்றே உருவாக்கிய பி.வி. என்கிற பண்ணைக் கலப்பினம் வாங்குவதா, மேயவும் செய்கிற கிரிராஜா, சுவர்ணதாரா மாதிரிக் கலப்பினம் வாங்குவதா, இல்லை ஊருக்குப் போகும்போது நாட்டுக்கோழியே ரெண்டு பிடித்துக்கொண்டு வந்துவிடுவதா? லிங்கராஜபுரத்திலிருந்து கேட்டாலும் கே.ஆர். புரத்திலிருந்து கேட்டாலும் இதே கேள்வி, கூடவே ஒரு வாலும் இருக்கும்: "ஒரு தடவ வாங்கிட்டா அப்புறம் அதுவே குஞ்சு பொரிச்சுப் பெருகிடும் இல்லக்கா?" சிக்கல் அந்த வாலில்தான் இருக்கிறது. முட்டைக்கென்று உருவாக்கிய கலப்பினக் கோழி குஞ்சு விஷயத்தில் உதவாது. குஞ்சை அருமையாக வளர்க்கிற நாட்டுக்கோழி முட்டையை எண்ணி எண்ணித்தான் போடும். உங்களுக்கு வேண்டியது எது என்று முதலிலேயே தெரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

இடம்தான் முதல் கேள்வி. முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு கட்டி, அதையும் மாடி மேல் மாடியாக வாடகைக்கு விட்டிருந்தால் மிச்சமிருப்பது பக்கவாட்டுச் சந்தும் மொட்டை மாடியும்தான். ஆனேக்கல், ஹொசகோட்டை பக்கம் காலி மனையோடு வீடு இருக்கிறவர்கள் கதை வேறு. கோழி கிளறுவதற்கு மண் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இனமே மாறும்.

அடுத்தது, நாளைக்கு எத்தனை முட்டை வேண்டும்? தினமும் 3 முட்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பி.வி. 4 போதும், கிரிராஜா என்றால் 7 அல்லது 8, நாட்டுக்கோழி என்றால் 18. ஆம், பதினெட்டு! இந்த ஒரு கணக்கிலேயே பலர் முடிவை மாற்றிக்கொள்வார்கள்.

மூன்றாவது, தீவனம் எங்கிருந்து வரும்? கடையில் மூட்டையாக வாங்கப் போகிறீர்களா, வீட்டு மிச்சம் மீதியிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறீர்களா?

நான்காவது கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சேவல்களையும் முட்டை நின்ற கிழட்டுக் கோழிகளையும் என்ன செய்யப் போகிறீர்கள்? கையால் இரை போட்டு வளர்த்த கோழியை அறுக்க வீட்டில் மனசு வருமா? வராது என்றால், ரெண்டு வயசில் முட்டை குறைந்த கோழி அதற்குப் பிறகும் சில வருஷம் உட்கார்ந்து சாப்பிடும். அந்தச் செலவும் முட்டைக் கணக்கில்தான் சேரும். வாடகை வீடாக இருந்தால் ஓனரையும் கேட்டுவிடுங்கள், சேவல் கூவினதற்காக வீட்டைக் காலி பண்ண வேண்டி வந்தால் அதைவிட விலை கூடிய முட்டை கிடையாது.

## ஒரு பார்வையில்

| | பி.வி.380 | கிரிராஜா, சுவர்ணதாரா | நாட்டுக்கோழி |
|---|---|---|---|
| ஆண்டுக்கு முட்டை | சுமார் 300 | 130 முதல் 190 வரை | 50 முதல் 70 வரை |
| முதல் முட்டை | 19–20 வாரம் | 23–25 வாரம் | 26–30 வாரம் |
| அடைத்து வளர்த்தால் நாள் தீவனம் | 110 கிராம் | 130 கிராம் அளவில் | 75 கிராம் அளவில் |
| ஒரு முட்டைக்கு ஆகும் தீவனம் | சுமார் 135 கிராம் | 250–365 கிராம் | சுமார் 450 கிராம் |
| மேய்ந்து பிழைக்குமா | கஷ்டம் | ஓரளவு | நன்றாக |
| அடை உட்காருமா | கிட்டத்தட்ட இல்லை | அபூர்வம் | தவறாமல் |
| சொந்தக் குஞ்சு தாயைப் போல வருமா | வராது | வராது | வரும் |
| கைக்கு வருவது | வளர்ந்த பெட்டை | ஒரு நாள் குஞ்சு, ஆண் பெண் கலந்து | எந்த வயதிலும் |

தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு மட்டும் பி.வி.யில் 5 ரூபாய் சொச்சம், கிரிராஜாவில் 10 முதல் 15 ரூபாய், கூண்டில் அடைத்த நாட்டுக்கோழியில் 18 ரூபாய். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையோடு போட்டி போட்டு இதில் மிச்சம் பிடிக்க முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது ஆசைக்கும் புது முட்டைக்கும் செய்கிற வேலை.

## பி.வி.380: முட்டை மட்டும் போதும் என்றால்

பி.வி. என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் ரெண்டு உண்டு, ரெண்டுமே வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் கொண்டுவந்தவை. நாமக்கல் பண்ணைகளில் வெள்ளை முட்டை போடும் வெள்ளைக் கோழி பி.வி.300. வீட்டுக்குக் கூண்டோடு விற்கிற பழுப்புக் கோழி பி.வி.380, இதன் முட்டையும் பழுப்பு. (இந்தப் பழுப்பு முட்டையைத்தான் பல கடைகளில் நாட்டு முட்டை என்று சொல்லி இரட்டை விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, உள்ளே இருக்கிற சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இடம் குறைவு, மண் இல்லை, மொட்டை மாடியில் ஒரு கூண்டுதான் வைக்க முடியும் என்கிறவர்களுக்கு இதுதான் சரி. சேவல் தேவையில்லை, சேவல் இல்லாமலே முட்டை வரும். சாதுவான கோழி, பிள்ளைகள் தூக்கினாலும் கொத்தாது.

ஆனால் 300 என்கிற எண் சும்மா வராது. முட்டைக் கோழிக்கு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், பெங்களூரில் எந்த மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது, அதனால் கூண்டுக்குள் ஒரு பல்ப் போட்டு விடியற்காலையில் கூட்டிக்கொடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போகலாம். அப்புறம் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது, கோழிக்கு நாளைக்கு 4 கிராம் உள்ளே போக வேண்டும். லேயர் மேஷ் (முட்டைக் கோழிக்கான தூள் தீவனம்) 110 கிராம் சாப்பிட்டால் அது சரியாகக் கிடைத்துவிடும். மேஷ் விலை அதிகமாக இருக்கிறது என்று பாதிக்குப் பாதி பழைய சோறும் ராகிக் களி மிச்சமும் கலந்து போட்டால் முதலில் ஓடு மெலியும், தோல்முட்டை விழும், அதன் பிறகும் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து எடுத்து முட்டை போட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் காலூன்ற முடியாமல் உட்கார்ந்துவிடும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள், தட்டில் இருக்கிறது காரணம். கீரைத் தண்டு, காய்கறித் தோல் எல்லாம் மேலுக்குப் போடலாம், மேஷுக்குப் பதிலாகப் போடக்கூடாது. வணிகப் பண்ணை வழியாக வருகிற பெட்டைகளுக்கு அலகு நுனியை வெட்டியிருப்பார்கள், அதனால் மண்ணில் விட்டாலும் புழு பூச்சி பொறுக்குவதில் மந்தமாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது ஒரு விஷயம். பண்ணைகளில் 72 முதல் 80 வாரத்துக்குள் கோழியைக் கழித்துவிடுவார்கள், அந்தக் கழிவுக் கோழி "இப்பத்தான் முட்டைக்கு வந்திருக்கு" என்ற பேரில் உங்கள் கைக்கு வரலாம். காலைப் பாருங்கள். முட்டை போடத் தொடங்காத பெட்டைக்குக் கால் நல்ல மஞ்சளாக, செதில் வழவழவென்று படிந்திருக்கும். பல மாதம் முட்டை போட்ட கோழிக்கு அந்த மஞ்சள் வெளுத்துப் போய், செதில் சொரசொரப்பாக இருக்கும், கழுத்து இறகும் தேய்ந்திருக்கும். அடுத்து கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, முட்டை வரும் வாய்க்கு ரெண்டு பக்கமும் துருத்தும் இடுப்பெலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் ரெண்டு மூணு விரல் தாராளமாகப் போனால் முட்டை போட்டுக்கொண்டிருக்கிற கோழி, ஒரு விரலுக்கே இறுக்கமாக இருந்தால் இன்னும் வரவில்லை. மஞ்சள் காலும் ஒண்ணரை விரல் இடைவெளியும் சேர்ந்து இருந்தால் காசைக் கொடுக்கலாம்.

## கிரிராஜா, சுவர்ணதாரா: கொஞ்சம் மண் இருந்தால்

இவை ரெண்டும் நம்ம ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சரக்கு. கிரிராஜா 1980களின் கடைசியில் வந்தது, சுவர்ணதாரா அதற்குப் பின் 2005-இல் வந்தது, முட்டையும் அதைவிடக் கூடுதல், வருஷத்துக்கு 180–190 வரை போகும். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் கொண்டுவந்த கிராமப்ரியாவும் இதே வரிசைதான், உடம்பு சிறிது, முட்டைப் பக்கம் சாய்ந்தது, கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். வனராஜா என்று ஒன்றும் அங்கிருந்து வருகிறது, அது கறி, முட்டை ரெண்டுக்கும் என்று உருவாக்கியது, முட்டைக்கென்றே தேடுகிறவர்கள் விட்டுவிடலாம்.

கலர் கலராக இறகு, நாட்டுக்கோழி மாதிரித் தோற்றம், நோய் தாங்கும், ராகி, தவிடு, கீரை என்று வீட்டு மிச்சத்தையும் ஏற்றுக்கொள்ளும். மேயவிட்டால் தீவனச் செலவில் நல்ல பகுதி குறையும். மேசையில் எழுதிப் போடும் 15 ரூபாய்க் கணக்கு இங்கேதான் மாறுகிறது. ஆனால் மேய இடம் இருக்க வேண்டுமே! சிமெண்ட் தரையில் அடைத்து வைத்தால் பி.வி.யைவிட அதிகம் தின்று அதில் பாதி முட்டை போடும் கோழி இது. உடம்பு 3 கிலோ வரை வைக்கும், அதனால் பறந்து தப்பிக்கிற வேகம் கிடையாது, பருந்துக்கும் தெருநாய்க்கும் சுலபமாக மாட்டும்.

மறைந்திருக்கிற செலவு ரெண்டு. முதலாவது, இவை பெரும்பாலும் ஒரு நாள் குஞ்சாகத்தான் கிடைக்கும், அதுவும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குஞ்சு என்றால் முதல் வாரம் 35 டிகிரி சூடு, அதற்கப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரணும். இதற்குப் பழைய குண்டு பல்ப் வேண்டும். இப்போது கடையில் எங்கே பார்த்தாலும் எல்.இ.டி.தான், அதை மாட்டிவிட்டுக் குஞ்சு ஏன் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகிறது என்று முழிக்கிறவர்கள் உண்டு. அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. ஐந்தாறு மாசம் தீவனம் போட்ட பிறகுதான் முதல் முட்டையைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, பாதி சேவல். 12 குஞ்சு வாங்கினால் 6 பெட்டை வந்தால் சரி, சில சமயம் 4தான் வரும். சேவல்கள் மூணு நாலு மாசத்தில் கூவ ஆரம்பிக்கும், ஒன்றோடு ஒன்று சண்டை போடும், பெட்டைகளை நிம்மதியாக விடாது. கறிக்கு எடுக்கிற வீடு என்றால் இது செலவே இல்லை, லாபம். எடுக்காத வீடு என்றால் அக்கம் பக்கத்தில் யாருக்குக் கொடுப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள்.

## நாட்டுக்கோழி: குஞ்சுக்காக

தர்மபுரி, கிருஷ்ணகிரி, கே.ஜி.எஃப். பக்கம் சொந்த பந்தம் இருக்கிறவர்களுக்கு இது காசில்லாமலே வந்து சேரும். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போடும், உடனே அடையில் உட்கார்ந்துவிடும், 21 நாள், அதன் பிறகு குஞ்சோடு ரெண்டு மாசம் போல அலையும், அப்புறம்தான் அடுத்த ஈடு. வருஷத்துக்கு 70 முட்டைக்கு மேல் வராததற்குக் காரணம் இதுதான், கோழி சோம்பேறி கிடையாது. முட்டைக்காக வளர்க்கிறவர்கள் அடையைத் தெளியவைக்க ஈரச் சாக்கு, காற்றோட்டமான கம்பிக் கூண்டு என்று ஏதாவது செய்து பார்ப்பார்கள், அப்போது கொஞ்சம் கூடும்.

சுவர் தாண்டும். பக்கத்து வீட்டு துளசி மாடத்தைக் கிளறும். கூண்டில் அடைத்தால் சண்டை போடும். நகரத்துக்குள்ளே நெருக்கமான தெருவில் இதை வளர்ப்பது கோழியைப் பற்றிய பிரச்சினையைவிட அக்கம் பக்கத்தாரைப் பற்றிய பிரச்சினையாகத்தான் முடியும். காம்பவுண்டு உயரமாக, உள்ளே மரமும் மண்ணும் உள்ள இடம் இருந்தால் தீவனமே அதிகம் கேட்காத கோழியும் இதுதான்.

## சரி, வீட்டிலேயே குஞ்சு பொரித்தால்?

"பெருகிடும் இல்லக்கா" கேள்விக்கு வருவோம்.

பி.வி. என்பது ஒரே இனம் கிடையாது. தனித்தனியாகப் பல தலைமுறை காப்பாற்றி வைத்த தாய் வரிசைகளையும் தகப்பன் வரிசைகளையும் கலந்து, அந்தக் கடைசிக் கலப்பில் வரும் பெட்டையைத்தான் நமக்கு விற்கிறார்கள். கலப்பினால் வருகிற வீரியம் அந்த ஒரு தலைமுறைக்குத்தான். பி.வி. சேவல் வெளியே கிடைப்பதே இல்லை. பழுப்பு முட்டைக் கலப்பினங்களில் பொதுவாகக் குஞ்சு பொரித்த அன்றே நிறத்தை வைத்து ஆணைப் பிரித்துக் கழித்துவிடுவார்கள். அதனால் உங்கள் பி.வி. பெட்டைக்குச் சேவல் என்று வருவது நாட்டுச் சேவலாகவோ கிரிராஜாவாகவோதான் இருக்கும். கிரிராஜாவையும் கிரிராஜாவையும் சேர்த்தால்? குஞ்சு வரும், ஆனால் ஒன்று பெருக்கும், ஒன்று சிறுக்கும், ஒன்று நன்றாக முட்டை போடும், இன்னொன்று போடாது. எந்தக் குஞ்சு எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு எனக்குப் பிடித்தமானது. நல்ல நாட்டுச் சேவலோடு முட்டைக் கோழிப் பெட்டையைச் சேர்த்தால் வரும் பெட்டைகள் நாட்டுக்கோழியைவிட அதிக முட்டையும், பி.வி.யைவிட அதிக சாமர்த்தியமும் காட்டும். அரசு நிறுவனங்களே இதைத்தான் செய்தன. இஜ்ஜத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தின் காரி நிர்பீக் என்பது அசில் என்கிற நாட்டுச் சண்டைக்கோழி இரத்தம் கலந்த கோழி. ஆனால் இதையும் ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அந்தக் குஞ்சுகளையே மறுபடி ஒன்றோடொன்று சேர்த்தால் பழைய கதைதான்.

பொரிக்க வைக்கிற வேலைக்கு இன்குபேட்டரா, அடைக்கோழியா? இன்குபேட்டரில் 37.5 டிகிரி, 18-ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கணும், கடைசி மூணு நாள் ஈரப்பதத்தைக் கூட்டணும், கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்குமா என்று பார்க்கணும். அதோடு, குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே போடுகிற மாரெக் (கோழிக்குப் பக்கவாதம் வரவைக்கிற நோய்) தடுப்பூசி வீட்டுக் குஞ்சுக்குக் கிடையாது. வருஷத்தில் ஒரு தடவை பத்துக் குஞ்சுக்காக அந்தப் பெட்டியை வாங்குவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். அடைக்கோழி இதையெல்லாம் காசு வாங்காமல் செய்கிறது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நாட்டுக்கோழி அடையில் உட்கார்ந்து மூணு வாரம் முடிகிற நேரத்துக்குச் சரியாகக் கிரிராஜா ஒரு நாள் குஞ்சுகளை வாங்கிவந்து, ராத்திரி இருட்டில் அதன் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாக நுழைத்து, முட்டையை எடுத்துவிடுங்கள். விடிந்ததும் தன் குஞ்சென்றே கூட்டிக்கொண்டு திரியும். பல்பும் வேண்டாம், தடுப்பூசி போட்ட நல்ல குஞ்சும் கிடைத்துவிடும். எப்போதாவது குஞ்சைக் கொத்துகிற கோழியும் உண்டு, முதல் நாள் காலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளணும்.

## எல்லாருக்கும் பொதுவான செலவுகள்

வெள்ளைக் கழிச்சல் ஒன்று வந்தால் பி.வி., நாட்டு என்று பார்க்காமல் கூண்டையே காலி பண்ணிவிடும். குஞ்சுக்கு 5–7 நாளில் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நாலு வாரத்தில் மறுபடி, எட்டு வாரத்துக்கு மேல் ஊசி. மருந்துக் குப்பி 100 கோழிக்கு என்று வரும், உங்களிடம் இருப்பது நாலு, கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குமேல் வைக்க முடியாது. அக்கம் பக்கத்தில் கோழி வளர்க்கிறவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

எச்சம் ஒரு கோழிக்கு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல். மரத்தூளோ உமியோ நாலு அங்குலம் போட்டுக் கிளறிவிட்டால் நாற்றம் இருக்காது. மழைக்காலத்தில் அது நனைந்தால் நாற்றமும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வரும். பெருச்சாளிக்குக் கோழி வலை ஒரு பொருட்டே இல்லை, கடித்துவிடும், அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள், அடியிலும்.

## யாருக்கு எது

வாடகை வீடு, மொட்டை மாடி, முட்டை மட்டும் வேண்டும்: பி.வி.380 மூணோ நாலோ, வளர்ந்த பெட்டையாக. ஒண்ணரை வருஷம் கழித்து மாற்றவும் மனசு இருக்கணும், இல்லாவிட்டால் ரெண்டோடு நிறுத்துங்கள்.

சொந்த வீடு, பின்னால் கொஞ்சம் மண், வீட்டில் கறி சாப்பிடுகிறவர்கள்: சுவர்ணதாரா அல்லது கிராமப்ரியா 12 குஞ்சு, கூடவே அடைக்கு ஒரு நாட்டுக்கோழி. நான் யாரையாவது ஒரே வழிக்குத் தள்ள வேண்டுமென்றால் இதற்குத்தான் தள்ளுவேன்.

ஊர் ஓரத்தில் மனை, வருஷா வருஷம் குஞ்சு விற்கவும் ஆசை: நாட்டுக்கோழி, நல்ல சேவலாகப் பார்த்து ஒன்று, எட்டுப் பத்துப் பெட்டை. இங்கே முட்டையை எண்ணாதீர்கள்.

வீட்டில் யாரும் அறுக்கவும் மாட்டார்கள், விற்கவும் மனசு வராது, சேவலும் கூடாது: பி.வி. ரெண்டு, அதோடு சரி.

குஞ்சு வாங்குகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் வாங்கினால் குளிருக்குப் பல்ப் எரிக்கிற செலவு குறையும், பெருமழை வருவதற்குள் இறகு முளைத்து வளர்ந்தும் விடும். டிசம்பரில் ஆசைப்பட்டால் ரெண்டு மாசம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கூண்டையாவது ஒழுங்காகச் செய்து வைக்கலாம்.